கத்தி உவமையின் போதாமை: இணையமும் இலங்கை முஸ்லிம் அனுபவமும்

இணையத்தைப் பற்றி நமது மிம்பர்களிலும் சஞ்சிகைகளிலும் பேசப்படும்போது ஓர் உவமை தவறாமல் எடுத்தாளப்படுகின்றது. இணையம் ஒரு கத்தி; காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும்; ஏந்துபவனின் நிய்யத்தே அதன் நன்மை தீமையைத் தீர்மானிக்கின்றது என்பது அவ்வுவமையின் சாரம். வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இதே கத்திதான் உறையிலிருந்து உருவப்பட்டது. அது செய்த உபகாரத்தை மறுப்பதற்கில்லை. புதிய சாதனம் எதுவாயினும் அதனை ஹராமென ஒதுக்க முனைந்தோர் முன்னிலையில் நியாயமானதொரு வாசலை அது திறந்து வைத்தது. எனினும், கடந்த பத்தாண்டுக்கு மேலாக இலங்கை முஸ்லிம்கள் இணையத்தோடு கொண்ட அனுபவத்தை இவ்வுவமையால் விளங்கிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை நாம் எழுப்ப வேண்டியுள்ளது. முடியாது என்பதே நமது கருத்து. அது மட்டுமன்று, இவ்வுவமையில் நாம் கொண்ட திருப்தி சில பொறுப்புகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்றும் கருதுகின்றோம்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நிகழ்ந்ததிலிருந்து தொடங்குவோம். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ண வந்த சிலர் தமது கறியில் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அல்லவா எனச் சண்டையிட்டனர். கடைக்காரர் தமிழ் பேசுபவர். சிங்களத்தில் போதிய பழக்கமில்லாதவர். சூழ்ந்து நின்ற கூட்டத்தின் நடுவே கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் தலையசைத்து ஆம் என்றார். அது கைத்தொலைபேசியில் பதிவு செய்யப்பட்டது. கடையும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அக்கட்டி வெறும் மாவுக்கட்டியென அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதி செய்தது. மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்றொன்று மருத்துவ உலகில் இல்லவே இல்லை. ஆயினும் அச்சிறு காணொளி அதற்குள் நாடெங்கும் சென்றுவிட்டது.

இங்கே கத்தி யார் கையில் இருந்தது? வாடிக்கையாளரின் கையிலா, பதிவு செய்தவரின் கையிலா, கலிபோர்னியாவிலிருந்து எந்தப் பதிவை எவர் கண்முன் வைப்பது எனக் கணக்கிட்ட இயந்திரத்தின் கையிலா?

இதற்கு எதிர்முனையில் நிற்கும் விளக்கம் ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும் பேஸ்புக்கே செய்தது, அது இல்லாதிருந்தால் திகனயும் இல்லை என்பது அது. மேலைநாட்டுப் பத்திரிகைகள் 2018க்குப் பின் இக்கருத்தை விரும்பி எழுதின. நம்மவர் பலருக்கும் அது ஆறுதலாக இருந்தது. அயலவனை வெறுப்பதைவிடத் தொலைவிலுள்ள நிறுவனமொன்றை வெறுப்பது எளிதல்லவா? ஆனால் 1915ஆம் ஆண்டை நாம் மறந்துவிட முடியாது. அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட முஸ்லிம் எதிர்ப்புக் கலவரம் சில நாட்களுள் கொழும்பு உட்பட நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. ஆங்கில ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. அன்று இணையம் இல்லை. முஸ்லிம் வணிகர் மீதான பொறாமை, ஊர்வலப் பாதை பற்றிய வழக்கு, சிங்கள பௌத்த மறுமலர்ச்சிப் பத்திரிகைகளின் மொழி ஆகியவை இருந்தன. மலட்டு மாத்திரைக் கதையும் அம்பாறையில் பிறந்ததன்று. 2012க்குப் பின்னரான ஆண்டுகளில் முஸ்லிம் கடைகளின் இனிப்புகள் பற்றியும் உள்ளாடைகள் பற்றியும் இதே கதை உலவியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் நாட்டின் சனத்தொகையில் பத்து வீதத்திற்கும் குறைவு. ஆயினும் பெரும்பான்மையினர் சிறுபான்மையாகிவிடுவர் என்ற அச்சம் ஒரு சமூகத்தின் உள்ளத்தில் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. தொழில்நுட்பமே சமூகத்தை உருவாக்குகின்றது என்ற வாதத்தை றேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சி குறித்த தமது 1974ஆம் ஆண்டு நூலில் மறுத்துரைத்தார். ஒரு சாதனம் வருவதற்கு முன்னரே அதற்கான தேவையும் நோக்கும் சமூகத்தில் உருக்கொண்டிருக்கும் என்ற அவரது பார்வை நமது நிலைக்கும் பொருந்தும்.

அவ்வாறாயின் கத்தி உவமைக்கே திரும்பிவிட்டோமா? இல்லை. கத்திக்கு நினைவில்லை. நேற்று எதை வெட்டியதோ அதனால் இன்று அதன் கூர்மை ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. இணையத்தின் இன்றைய மேடைகளோ தம்மைப் பயன்படுத்துவோரிடமிருந்து கற்றுக்கொள்கின்றன. எதைக் கண்டு ஒருவர் நின்றாரோ, எதற்கு விடையெழுதினாரோ, எதைச் சினத்தோடு பகிர்ந்தாரோ, அதுபோன்றதே மீண்டும் அவர் முன் கொண்டுவரப்படுகின்றது. அச்சம் கொண்ட சமூகத்திற்கு அச்சத்தையே உணவாக்கும் இவ்வேற்பாட்டில் எவரும் தனியாக நிய்யத் வைக்க வேண்டியதில்லை. அம்பாறைக் காணொளியின் வடிவத்தைக் கூர்ந்து நோக்கினால் இது தெளிவாகும். முன்பு வதந்தி ஒரு கதையாக இருந்தது. அதற்கு ஊர், பெயர், காலம் எதுவும் இல்லை. இப்போது அது குற்ற ஒப்புதலாக மாறியது. கேள்வி, பதில், முகம், தலையசைப்பு. இணையம் எவ்வடிவத்தைப் பரப்புகின்றது என்பதைக் கூட்டத்தினர் அறிந்திருந்தமையாலேயே வதந்தியை அவ்வடிவத்தில் வார்த்தெடுத்தனர். சமூகம் இணையத்தின் பாஷையைக் கற்றுக்கொண்டு தன் பழைய பகையை அதிலே பேசியது.

அதே வேளையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 2017 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது; அவற்றுள் இலங்கையும் ஒன்று. செய்தி நிறுவனங்கள் முதலானவற்றின் பக்கங்களிலிருந்து வரும் பதிவுகள் முதன்மைப் பக்கத்திலிருந்து அகற்றப்பட்டுத் தனியானதோர் இடத்திற்குத் தள்ளப்பட்டன. நண்பர், உறவினர் இடுவதும் விளம்பரமுமே முன்னால் நின்றன. 2018 மார்ச் முதலாம் திகதி அப்பரிசோதனை கைவிடப்பட்டது. அதாவது, அம்பாறைக் காணொளி பரவிய நாட்கள் அதன் இறுதி நாட்கள். இதுவே அதற்குக் காரணம் என நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லச் சான்றில்லை. ஆனால் ஒரு நாட்டு மக்கள் எச்செய்தியை எவரிடமிருந்து முதலில் அறிவது என்பதை அந்நாட்டில் எவரையும் கேளாமல் மாற்றியமைக்கக் கூடியதொரு பொருளைக் கத்தி என்று எப்படி அழைப்பது? லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய கட்டுரையில் எழுப்பிய வினா இங்கே நினைவுக்கு வருகின்றது. பொருட்களின் அமைப்பிலேயே அரசியல் உறைந்திருக்கலாம் என்றார் அவர். நமது உவமையில் அதற்கு இடமே இல்லை.

அடுத்த வாரமே திகன வந்தது. தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி மருத்துவமனையில் இறந்தார். தாக்கியோர் செய்தது குற்றமே. அதனை நாம் மழுப்பலாகாது. அடுத்த நாட்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மகாசோன் பலகாய என்ற அமைப்பின் தலைவர் திகன நகரில் நடந்தவாறே அது முஸ்லிம் கடைகளின் நகராகிவிட்டதென முறையிட்ட காணொளி ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தது. மார்ச் 6இல் அவசரகால நிலையும், மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றுக்குத் தடையும் வந்தன. பலர் தடையைச் சுற்றிச் செல்லும் விபிஎன் வழியை அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டனர்.

சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் பற்றி முறையிட்டோருக்கு, அவை தமது சமூக விதிகளை மீறவில்லை என்ற விடையே நிறுவனத்திடமிருந்து பலமுறை கிடைத்தது. சிங்களம் படிக்கக்கூடியோர் அங்கே மிகச் சிலரே இருந்தனர் என்பது பின்னர் வெளிவந்தது. இத்தனைக்கும் கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே, அளுத்கம கலவரம் நிகழ்ந்த அதே ஆண்டில், பேஸ்புக்கின் சிங்கள வெறுப்புப் பேச்சு குறித்து விரிவானதோர் ஆய்வை வெளியிட்டிருந்தது. நான்காண்டுகள் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். ஆயினும் அதற்கு முன்னரே இலங்கை அவ்வியந்திரத்தைச் சற்று மாற்றியிருந்தது என்பதும் கவனத்திற்குரியது. ஒரு செய்தியை எத்தனை பேருக்குத் தொடர்ந்து அனுப்பலாம் என்பதற்குத் தடை விதிக்கும் முறையை அந்நிறுவனம் தன் மெசெஞ்சர் செயலியில் இலங்கையில்தான் பரிசோதித்துப் பார்த்தது. 2020 செப்டம்பரில் அத்தடை உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் வதந்தியால் நிகழ்ந்த கும்பல் கொலைகளின் பின்னர் 2018இல் வட்ஸ்அப் அங்கு விதித்த ஐந்து என்ற எல்லையும் அவ்வாறே அடுத்த ஆண்டு உலகுக்குப் பொதுவாயிற்று. இன்று ஐரோப்பாவிலுள்ள ஒருவர் ஒரு செய்தியை ஆறாவது நபருக்கு ஒரே தடவையில் அனுப்ப முடியாமற் போகும்போது, அதன் பின்னே இந்தியக் கிராமங்களின் பிணங்களும் திகனயின் சாம்பலும் உள்ளன என்பதை அவர் அறியார்.

இத்தகைய பரவலுக்கு மருந்தாக நமது உலமாக்கள் பெரும்பாலும் முன்வைப்பது சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தையும் ஹதீஸ் கலையின் இஸ்னாத் மரபையும் ஆகும். செய்தி கொண்டுவருபவனை ஆராயாமல் செய்தியை ஏற்காதீர் என்பது நமது மரபின் பெரும் செல்வம். ஆனால் அதை இணையத்திற்குப் பொருத்தும்போது ஓர் இடர் எழுகின்றது. வட்ஸ்அப்பின் அமைப்பு இஸ்னாதை அழிக்கும் அமைப்பு. முன்னனுப்பப்பட்டது என்ற ஒற்றைச் சொல் மட்டுமே எஞ்சும். யாரிடமிருந்து யாருக்கு என்பது மறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, நமக்கு அதை அனுப்பியவர் பெரும்பாலும் நம்பகமானவரே. தந்தையோ, ஆசிரியரோ, பள்ளிவாசல் தலைவரோ அனுப்பியதையே நாம் நம்புகின்றோம். இறுதி அறிவிப்பாளர் நேர்மையானவர், செய்தியோ பொய். இந்நிலையில் அறிவிப்பாளரை ஆராயும் முறை மட்டும் போதுமா?

இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் இவ்வினாவை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுப்பியிருப்பது நம்மை வியக்க வைக்கின்றது. சரித்திரச் செய்திகளில் பொய் நுழையும் வாயில்களை அவர் எண்ணிக் காட்டுகின்றார். ஒரு கருத்தின் மீதோ கூட்டத்தின் மீதோ கொண்ட பற்று, அறிவிப்பாளர் மீதான நம்பிக்கை, அதிகாரத்தில் உள்ளோரை அண்ட விரும்பும் ஆசை என்பன அவற்றுட் சில. அனைத்தையும்விடப் பெரியதாக அவர் குறிப்பிடுவது உம்ரானின், அதாவது மனித சமூக வாழ்வின், இயல்பை அறியாமையாகும். நடந்ததாகச் சொல்லப்படும் செய்தியில் முதலில் அது நடக்கக் கூடியதா எனப் பார்க்க வேண்டும்; இயலாததெனக் கண்டால் அறிவிப்பாளரைப் பற்றி ஆராய்வதே வீண் என்பது அவரது நிலைப்பாடு. மலட்டு மாத்திரைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உரைகல் வேறில்லை. அத்தகைய மாத்திரையே இல்லையென்றால் அம்பாறைக் கடைக்காரர் தலையசைத்தாரா இல்லையா என்பது பொருளற்ற கேள்வி. ஆனால் இப்னு கல்தூனின் முதல் வாயிலையும் நாம் கவனிக்க வேண்டும். பற்றினால் உள்ளம் சாய்ந்திருப்பவனுக்கு அச்செய்தி நடக்கக் கூடியதாகவே தோன்றும்.

2019இல் குருநாகலில் நடந்தது இதற்குச் சான்று. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்கு ஒரு மாதத்தின் பின், சிங்கள நாளேடொன்று தன் முதற் பக்கத்தில், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சுமார் 4000 பௌத்தத் தாய்மாருக்குச் சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது அவர்கள் அறியாமல் கருத்தடை செய்துவிட்டார் என எழுதியது. குருநாகல் போதனா வைத்தியசாலை மருத்துவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தனர். சான்றெதுவும் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் 2019 ஜூனில் நீதிமன்றத்தில் தெரிவித்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மருத்துவர் தனியே நிற்பதில்லை. உடன் மயக்கமருந்து மருத்துவரும் தாதியரும் இருப்பர். அத்தனை கண்களையும் மறைத்து ஆயிரக்கணக்கில் இதைச் செய்ய இயலுமா என்ற இப்னு கல்தூனின் கேள்வியைக் கேட்க நாளேட்டில் எவரும் இருக்கவில்லை.

அப்பெண்களை நாம் எளிதில் பொய்யர் என்று சொல்லிவிடலாகாது. இரண்டாம் பிள்ளை தங்காத தாய், வயிற்றில் விளக்கமற்ற வலியுடைய தாய், மாமியாரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்த தாய் எனத் தத்தம் துயரோடு வந்தோர் அவர்களுள் இருந்திருப்பர் என ஊகிப்பது தவறாகாது. அவர்களது துயருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்காத விடையை ஒரு வதந்தி வழங்கியது. 2012இல் இனிப்பிலும், 2018இல் கறியிலும் இருந்த மாத்திரை இப்போது தம் உடலுக்குள்ளேயே இருப்பதாக அவர்கள் உணர்ந்தனர். இணையத்தில் உலவிய கதை நாளேட்டுக்கு ஏறி, அங்கிருந்து பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிவாயிற்று. அதே ஆண்டு ஜூனில் உயர் மதத் தலைவர் ஒருவரே முஸ்லிம் கடைகளில் உண்ணாதீர் என்று உபதேசித்தபோது அது பன்சலையின் உபதேசமாகவும் உருப்பெற்றது. அங்கிருந்து மீண்டும் காணொளியாக இணையத்திற்கே திரும்பிச் சென்றது. இச்சுழலில் எது காரணம், எது விளைவு எனப் பிரிப்பது அரிது.

நம் வீட்டையும் நாம் பார்க்க வேண்டியுள்ளது. தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே முனாழரா என்ற பெயரில் விவாதக் கலாசாரமொன்று ஒலிநாடாக்களிலும் பின்னர் குறுந்தட்டுகளிலும் பல்லாண்டுகள் செழித்தது. எதிராளியை வாய்மூடச் செய்த கட்டமே அதிகமாக நகலெடுக்கப்பட்டது. யூடியூபும் பேஸ்புக்கும் வந்தபோது அக்கலாசாரம் அவற்றுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவை அதற்கென்றே அமைந்தவை போலிருந்தன. காத்தான்குடியில் ஸஹ்ரான் ஹாஷிம் முதலில் தன் வசையைத் தொடுத்தது சக முஸ்லிம்கள் மீதே. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவரது ஆதரவாளருக்கும் மற்றொரு பிரிவினருக்கும் மோதல் ஏற்பட்டு அவர் தலைமறைவானார். ஊரில் மேடை இழந்தவருக்கு இணையத்தில் மேடை இருந்தது. தமிழில் அவர் ஆற்றிய உரைகள் தொடர்ந்து பரவின. முஸ்லிம் பிரதிநிதிகள் சிலர் அதிகாரிகளை முன்னரே எச்சரித்திருந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர் முதலில் வளர்ந்த சூழலை, பிறரைக் காபிர் எனப் பட்டமிடுவதை இரசித்துப் பகிர்ந்த சூழலை, எச்சரிக்கை செய்தோர் தனியே உருவாக்கவில்லை. நாம் எல்லோரும் அதில் கேட்போராக இருந்தோம். சிங்களம் படிக்கத் தெரியாத நிறுவனத்தைக் கண்டிக்கும் நாம், தமிழ் நன்கு தெரிந்த நம்மை எங்கே நிறுத்துவது?

அரசும் தன் பங்குக்கு இணையத்தை உருவாக்க முனைந்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பின் சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் இட்ட பேஸ்புக் பின்னூட்டம் மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டு அவர் தாக்கப்பட்டார். பின் அவரே கைதானார். தாய்மொழி வேறான இருவருக்கு இணைப்பு மொழியாக வந்த அரைகுறை ஆங்கிலமும் அன்று பகையின் மொழியாயிற்று. 2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர், வெறுப்புக்கு எதிராக எழுதுகோலாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் புரிய வேண்டும் என்று எழுதியபோது ஜிஹாத் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஐந்து மாதங்கள் சிறையிலிருந்தார். அவரது உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023இல். அவர் மீது பாய்ந்தது வெறுப்புப் பேச்சைத் தடுக்க வேண்டிய சட்டமே. 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நம்மவருள் சிலர் வரவேற்றதன் காரணம் விளங்குகின்றது. ஆனால் பொய்யான கூற்று எது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தால், முதலில் சிக்குவோர் யார் என்பதற்கு மேற்சொன்ன வழக்கே விடை.

நம்பிக்கைக்குரியதொரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். ஆயினும் அதனை மிகைப்படுத்தலாகாது. 2020 ஏப்ரல் 11இல் கொவிட் தொற்றால் இறந்தோரை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நல்லடக்கத்தை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தும் அரசு இணங்கவில்லை. டிசம்பர் 9இல், பிறந்து இருபது நாளேயான குழந்தையின் ஜனாஸா பெற்றோரின் எதிர்ப்பையும் மீறி எரிக்கப்பட்டது. சில நாட்களில் பொரளை கனத்தை மயானத்தின் வாயிற் கம்பிகளில் கபன் துணியை நினைவூட்டும் வெண்துணித் துண்டுகள் கட்டப்பட்டன. சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் வந்து கட்டினர். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. படங்கள் மட்டும் எங்கும் பரவி, வெளிநாட்டு நகரங்களிலும் வேலிகளில் வெண்துணிகள் கட்டப்பட்டன. இதுவும் அதே இயந்திரத்தில் ஓடிய செய்திதான்.

எனினும் 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்ததற்குப் படங்கள் மட்டும் காரணமல்ல. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் அமர்வும் பாகிஸ்தான் பிரதமரின் வருகையும் அதே வாரத்தில் நிகழ்ந்தன. அனுமதிக்கப்பட்ட இடமும் கொழும்பிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஓட்டமாவடியே. அவ்வெண்துணிப் படங்களை நாம் ஆர்வத்தோடு பகிர்ந்தோம். நம்மிடமிருந்து அவற்றைப் பெற்றோரும் பெரும்பாலும் நம் போன்றோரே. குருநாகலில் முறைப்பாடு செய்யச் சென்ற அத்தாய்மாரின் தொலைபேசிகளை அவற்றுள் ஒன்றேனும் சென்றடைந்ததா?